முதுமைக்கு யார் பொறுப்பு? ஓய்வூதிய வரலாற்றில் விடுபட்டவர்கள்

பழைய ஓய்வூதியமா, புதிய ஓய்வூதியமா என்ற விவாதம் இன்று தேர்தல் மேடை வரை வந்துவிட்டது. ஒரு பக்கம் அரசு ஊழியர் சங்கங்கள், மறுபக்கம் நிதித்துறை வல்லுநர்கள். கஜானா தாங்குமா, வட்டி எவ்வளவு, பங்குச்சந்தையை நம்பலாமா என்று இரு தரப்பும் கணக்குப் போடுகின்றன. கணக்கு தேவைதான். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. ஓய்வூதியம் வாங்கத் தகுதியுள்ள 'தொழிலாளி' யார்? அதை யார் தீர்மானித்தார்கள்? யாரை வெளியே நிறுத்தினார்கள்?

வயலில் நடவு நடும் நம் தாய்மார்களும், சாக்கடை அள்ளும் நம் தோழர்களும், செங்கல் சூளையில் குடும்பத்தோடு வேகும் நம் மக்களும் இந்த விவாதத்தில் எங்கே இருக்கிறார்கள்? விடை வரலாற்றில் இருக்கிறது. இளம் தோழர்களும் மாணவர்களும் அதைத் தெரிந்துகொள்ளாமல் இந்த விவாதத்துக்குள் இறங்கினால், பிறர் வரைந்த கோட்டுக்குள் நின்றுதான் பேசிக்கொண்டிருப்போம்.

தாபோலியின் பென்ஷன்காரர்கள்

தலித் அரசியலின் வரலாற்றுக்கும் ஓய்வூதியத்துக்கும் உள்ள தொடர்பு பலருக்குத் தெரியாது. கொங்கணத்தில் தாபோலி என்ற ஊர் உண்டு. பம்பாய் ராணுவத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற மகர் வீரர்கள் பலர் அங்கே குடியேறினார்கள். 1886இல் ஓய்வுபெற்ற கோபால் பாபா வாலங்கர் அவர்களில் ஒருவர். தீண்டாமையைக் கேள்வி கேட்டு 1888இல் 'விடாள் வித்வம்சக்' என்ற நூலை எழுதியவர் அவர். மகர்களை ராணுவத்தில் சேர்ப்பதை ஆங்கிலேய அரசு நிறுத்தியபோது, அதை எதிர்த்து 1890களில் மனு தயாரித்தவரும் அவரே. அண்ணல் அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பாலும் ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வூதியம் பெற்றவர். ஓய்வுக்குப் பின் அவர் குடும்பமும் தாபோலியில் சில காலம் வாழ்ந்தது.

இதில் ஒரு பாடம் உண்டு. அதே காலத்தில் கிராமத்தில் இருந்த மகர், வதன் என்ற பரம்பரை ஊழியத்தில் கட்டுண்டு கிடந்தார். ஊர் கொடுக்கும் தானியப் பங்குதான் அவருக்குக் கூலி. எதிர்த்துப் பேசினால் அந்தப் பங்கு நிற்கும். நம் ஊர்களில் களத்துமேட்டில் ஆண்டை அளந்துபோட்ட நெல்லும் இதே வகைதான். அளக்கும் கை அவனுடையது, குனியும் முதுகு நம்முடையது. பென்ஷன்காரரின் நிலை வேறு. மாதம் பிறந்தால் பணம் வரும். பட்டேலோ பண்ணையாரோ அதை நிறுத்த முடியாது. அந்தப் பணம்தான் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியது. மனு எழுதவும், ஊர் வாயைப் பொருட்படுத்தாமல் நிமிர்ந்து பேசவும் துணிச்சல் தந்தது. வதன் முறை மகர்களை அடிமைகளாகவே வைத்திருக்கிறது என்று சொல்லி, அதைத் திருத்த 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் அம்பேத்கர் மசோதா கொண்டுவந்ததை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஓய்வூதியத்தை வயதான காலத்துக் கஞ்சிக்கு வழி என்று மட்டும் பார்க்கிறவர்கள் உண்டு. நமக்கு அது சாதியின் பிடியிலிருந்து விடுபட்ட வருமானம்.

கருணையா, உரிமையா?

ஓய்வூதியம் உரிமையாகப் பிறக்கவில்லை. 1871ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டம் அதை அரசின் கருணையாகவே பார்த்தது. அரசு அதிகாரியின் சான்று இல்லாமல் ஓய்வூதிய வழக்கை எந்தச் சிவில் நீதிமன்றமும் விசாரிக்கக் கூடாது என்றது.

ஐரோப்பாவிலும் கதை அப்படித்தான் தொடங்கியது. ஜெர்மனியில் பிஸ்மார்க் 1889இல் தொழிலாளர்களுக்கான முதியோர் காப்பீட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தார். சோசலிஸ்டுகள் பக்கம் தொழிலாளர்கள் போய்விடக் கூடாது என்ற அரசியல் கணக்கு அதில் இருந்தது. வயது வரம்பு 70. அந்த வயதை எட்டிய தொழிலாளர்கள் குறைவு. பிரிட்டனில் 1908இல் வந்த சட்டம் 70 வயதைத் தாண்டிய ஏழைகளுக்கு வாரம் 5 ஷில்லிங் கொடுத்தது. சந்தா கட்டத் தேவையில்லை. ஆனால் நன்னடத்தைச் சோதனை இருந்தது. ஏழை நிவாரணம் வாங்கியவர்களும், உழைக்காமல் திரிந்தவர் என்று முத்திரை குத்தப்பட்டவர்களும் தொடக்கத்தில் ஒதுக்கப்பட்டார்கள். ஏழையாக இருக்க வேண்டும், ஆனால் 'நல்ல ஏழை'யாக இருக்க வேண்டும்! இன்று நம் ஊரில் முதியோர் உதவித்தொகைக்காக வி.ஏ.ஓ. அலுவலகத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் நடக்கும் பாட்டி, 'நான் ஆதரவற்றவள்' என்று நிரூபிக்க வேண்டியிருப்பதற்கு வேர் இத்தகைய சிந்தனையில்தான் இருக்கிறது.

இந்தியாவில் 1982 டிசம்பர் 17இல் உச்சநீதிமன்றம் டி.எஸ். நகரா வழக்கில் தீர்ப்பளித்தது. ஓய்வூதியம் அரசு போடும் பிச்சையும் இல்லை, எஜமானின் கருணையும் இல்லை. செய்த வேலைக்குத் தள்ளிவைத்துக் கொடுக்கப்படும் ஊதியம் அது என்றது அந்தத் தீர்ப்பு. ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் டிசம்பர் 17ஐ ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுவது இதனால்தான்.

சரி, செய்த வேலைக்குத் தள்ளிவைத்த ஊதியம் என்றால், நாற்பது ஆண்டு வயலில் வேலை செய்தவருக்குத் தள்ளிவைத்த ஊதியம் எங்கே? அது யார் வீட்டுப் பத்தாயத்தில் இருக்கிறது? அந்தத் தீர்ப்பு அரசு ஊழியரைப் பற்றியது. அதன் தர்க்கத்தைச் சேரிக்கு எடுத்துவர வேண்டியது நம் வேலை.

சல்லடையின் ஓட்டைகள்

விலக்கிவைப்பது எப்படி நடக்கிறது என்று புரிந்துகொள்ள இரண்டு நாடுகளைப் பார்ப்போம்.

அமெரிக்காவில் 1935 ஆகஸ்ட் 14இல் அதிபர் ரூஸ்வெல்ட் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதன் முதியோர் காப்பீட்டில் விவசாயத் தொழிலாளர்களும் வீட்டு வேலை செய்வோரும் சேர்க்கப்படவில்லை. சட்டத்தில் நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனால் கருப்பின உழைப்பாளர்களில் சுமார் 65 சதவீதம் பேர் வெளியே நின்றார்கள். மசோதா விவாதத்தில் இருந்தபோதே, கருப்பின மக்களின் உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி. சார்பில் வழக்கறிஞர் சார்லஸ் ஹூஸ்டன் செனட் குழுவின் முன் நின்று, இது ஓட்டைகள் உள்ள சல்லடை, எங்கள் மக்கள் அதன் வழியே விழுந்துவிடுவார்கள் என்று எச்சரித்தார்.

ஆய்வாளர்களிடையே இதைப் பற்றி இன்றும் சண்டை உண்டு. தென்மாநிலப் பண்ணை முதலாளிகளின் நிறவெறி அரசியல்தான் காரணம் என்கிறது ஒரு தரப்பு. அமெரிக்கச் சமூகப் பாதுகாப்புத் துறையின் வரலாற்றாளராக இருந்த லாரி டிவிட் 2010இல் அதை மறுத்து எழுதினார். சிதறிக் கிடக்கும் பண்ணைகளிலும் வீடுகளிலும் சந்தா வசூலிப்பது கடினம் என்ற நிர்வாகக் காரணமே முக்கியம் என்றார். எண்ணிக்கையில் பார்த்தால் விடுபட்டவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்களே என்றும் சுட்டிக்காட்டினார். அவர் வாதத்தை நாம் அலட்சியமாகத் தள்ளிவிடக் கூடாது. ஆனால் ஒன்றைக் கேட்க வேண்டும். நிர்வாகத்துக்கு எது கடினம் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? கருப்பின மக்களை அந்த வேலைகளில் தள்ளி அடைத்தது யார்? நோக்கம் எதுவாக இருந்தாலும் விளைவு ஒன்றுதான். 1950களில் அமெரிக்காவே சட்டத்தைத் திருத்தி அவர்களில் பெரும்பகுதியினரைச் சேர்த்தது. கடினமாக இருந்த நிர்வாகம் அப்போது எப்படி எளிதானது?

தென்னாப்பிரிக்கா இதைப் பூசி மெழுகாமல் செய்தது. 1928இல் வந்த முதியோர் ஓய்வூதியச் சட்டம் கருப்பின ஆப்பிரிக்கர்களை வெளிப்படையாகவே விலக்கியது. 1944இல் அவர்களைச் சேர்த்தபோதும் தொகை மிகக் குறைவு. தோலின் நிறத்துக்கு ஏற்ப முதுமைக்கு விலை! நிறவெறி ஆட்சி முடிவுக்கு வரும் தறுவாயில், 1993இல்தான் எல்லோருக்கும் ஒரே தொகை ஆனது.

இப்போது இந்தியாவுக்கு வருவோம். 1952ஆம் ஆண்டின் வருங்கால வைப்புநிதிச் சட்டம் முதலில் ஆறு தொழில்களுக்கு மட்டுமே பொருந்தியது: சிமெண்ட், சிகரெட், பொறியியல், இரும்பு எஃகு, காகிதம், ஜவுளி. அதிலும் 50 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகள் மட்டும். பின்னர் அது 20 பேராகக் குறைந்தது, தொழில்களும் கூடின. நாட்டில் மிகப் பெரும்பாலோர் செய்த வேலை விவசாயம். நிலமற்ற கூலிகளில் பெரும்பங்கு நம் மக்கள். சட்டத்தில் சாதியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்தச் சல்லடை இங்கேயும் அதே வேலையைச் செய்தது.

'சிதறிக் கிடப்பவர்களைக் கணக்கில் எடுக்க முடியாது' என்ற வாதத்துக்கு நம் மண்ணிலேயே பதில் இருக்கிறது. நெல்லையிலும் வேலூரிலும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றும் பெண்களைப் பாருங்கள். பீடித் தொழிலுக்கு 1977இல் பி.எஃப். சட்டம் நீட்டிக்கப்பட்டது. வீட்டில் சுற்றுகிறவர் எங்கள் தொழிலாளி இல்லை என்று முதலாளிகள் உச்சநீதிமன்றம் வரை போனார்கள். 1985இல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வீட்டில் இருந்து சுற்றினாலும் அவர் தொழிலாளியே என்றது. திண்ணையில் இருப்பவரைக் கணக்கெடுக்க முடியுமானால் வயலில் இருப்பவரையும் எடுக்க முடியும்.

அண்ணல் கேட்டது வேறு

1947இல் பட்டியல் சாதிகள் கூட்டமைப்பின் சார்பில் அரசியல் நிர்ணய சபைக்காக அம்பேத்கர் தயாரித்த 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற ஆவணத்தை நம் தோழர்கள் அவசியம் படிக்க வேண்டும். விவசாயம் அரசுத் தொழிலாக வேண்டும், நிலம் சாதி மத வேறுபாடின்றிக் கூட்டுப் பண்ணைகளுக்குத் தரப்பட வேண்டும் என்பது அதில் பலருக்கும் தெரிந்த பகுதி. அதே இடத்தில் இன்னொன்றும் கேட்டார். காப்பீடு அரசின் தனியுரிமையாக இருக்க வேண்டும், ஒவ்வொரு வயதுவந்த குடிமகனும் தன் கூலிக்கு ஏற்ற ஆயுள் காப்பீடு எடுப்பதை அரசு கட்டாயமாக்க வேண்டும் என்றார். ஆலைத் தொழிலாளிக்கு மட்டும் என்று அவர் சொல்லவில்லை. 'ஒவ்வொரு குடிமகனும்' என்றார். பெரும்பான்மை பலத்தால் எந்தச் சட்டமன்றமும் மாற்ற முடியாதபடி இவை அரசியலமைப்பிலேயே இருக்க வேண்டும் என்றும் வாதிட்டார்.

நடந்தது வேறு. முதுமையிலும் நோயிலும் அரசு உதவி என்பது 41ஆவது பிரிவில், வழிகாட்டும் நெறிமுறையாக இடம் பிடித்தது. அதுவும் 'பொருளாதார வலிமைக்கு உட்பட்டு'. நீதிமன்றத்தில் அதைக் கேட்டு வாங்க முடியாது. கேட்டு வாங்க முடியாத உரிமைக்கு நம் மக்கள் வைத்த பெயர் 'மனு'.

தமிழ்நாட்டில் 1962இல் முதியோர் உதவித்தொகை 20 ரூபாயில் தொடங்கியது. நாட்டிலேயே முன்னோடி மாநிலங்களில் ஒன்றாக நாம் இருந்தோம். இன்று தொகை மாதம் 1,200 ரூபாய். ஒன்றிய அரசு 1995 ஆகஸ்ட் 15இல்தான் 75 ரூபாயோடு தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. 2006இல் அதை 200 ரூபாய் ஆக்கியது. 60 முதல் 79 வயது வரையிலானவர்களுக்கு ஒன்றிய அரசின் பங்கு இன்றும் அதே 200தான். ஒரு நாளைக்கு 7 ரூபாய்கூட இல்லை. அகவிலைப்படி என்ற சொல் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

நமக்கென்று சொல்லி, யாருக்கோ வைத்தது

1981இல் சிலியில் பினோசேயின் ராணுவ ஆட்சி அரசு ஓய்வூதியத்தைக் கலைத்தது. ஒவ்வொருவரும் ஊதியத்தில் 10 சதவீதத்தைத் தனியார் நிதி நிறுவனத்தில் சேமிக்க வேண்டும் என்றது. ராணுவத்துக்கும் காவல்துறைக்கும் மட்டும் பழைய ஓய்வூதியம் தொடர்ந்தது. 1994இல் உலக வங்கி இந்தத் தனிநபர் சேமிப்பு முறையை உலகுக்கே பரிந்துரைத்து அறிக்கை வெளியிட்டது. 1981 முதல் 2014 வரை 30 நாடுகள் ஓய்வூதியத்தை முழுதாகவோ பாதியாகவோ தனியார்மயமாக்கின. 2018க்குள் அவற்றில் 18 நாடுகள் பின்வாங்கிவிட்டன என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு கணக்கிட்டது. சிலியே 2008இல் அரசுப் பணத்தில் அடிப்படை ஓய்வூதியத்தைக் கொண்டுவர வேண்டியிருந்தது. ஒழுங்கான கூலி இல்லாதவர்கள் கணக்கில் சேர ஒன்றும் இல்லை என்பதுதான் காரணம்.

இந்தியாவில் 1998இல் சமூக நீதி அமைச்சகம் எஸ்.ஏ. தவே தலைமையில் 'ஒயாசிஸ்' என்ற குழுவை அமைத்தது. அமைப்புசாராத் தொழிலாளர்களின் முதுமைக்கு என்ன வழி என்பதே அதன் கேள்வி. 2000இல் வந்த அறிக்கை தனிநபர் கணக்குகளைப் பரிந்துரைத்தது. பிறகு நடந்ததைக் கவனியுங்கள். அமைப்புசாராத் தொழிலாளரைக் காட்டி எழுதிய திட்டம், 2004 ஜனவரி 1 முதல் பணியில் சேர்ந்த ஒன்றிய அரசு ஊழியர்களுக்குப் புதிய ஓய்வூதியத் திட்டமாக வந்தது. இங்கேயும் ராணுவத்துக்கு விலக்கு. தமிழ்நாடு அதற்கும் முன்னதாக 2003 ஏப்ரல் 1இலேயே பங்களிப்பு ஓய்வூதியத்துக்கு மாறிவிட்டது. அமைப்புசாராத் தொழிலாளருக்குக் கதவு 2009இல்தான் திறந்தது, அதுவும் விருப்பம் இருந்தால், கையில் காசு இருந்தால்.

இட ஒதுக்கீட்டின் வழியே நம் குடும்பங்கள் அரசு வேலைக்குள் வேர்பிடிக்கத் தொடங்கிய தலைமுறையில்தான் உறுதியான ஓய்வூதியம் பறிபோனது. 2006இல் உமாதேவி வழக்கின் தீர்ப்பு தற்காலிக ஊழியர்கள் நிரந்தரமாகும் வழியையும் குறுக்கியது. துப்புரவுப் பணி ஒப்பந்தக்காரர்கள் கைக்குப் போனது. தாத்தா நகராட்சியில் நிரந்தரத் துப்புரவாளர், பென்ஷன் வாங்கினார். பேரன் அதே தெருவை ஒப்பந்தத்தில் கூட்டுகிறான், அவனுக்குப் பென்ஷன் இல்லை. சாதி மாறவில்லை, துடைப்பம் மாறவில்லை, ஓய்வூதியம் மட்டும் காணாமல் போயிற்று.

கணக்கையும் போட்டுப் பார்ப்போம்

அடல் ஓய்வூதியத் திட்டத்தில் 18 வயதில் சேர்ந்து மாதம் 42 ரூபாய் கட்டினால், 60 வயதில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால், 42 ஆண்டுக்குப் பின் அந்த 1,000 ரூபாயின் மதிப்பு இன்றைய 130 ரூபாய்க்கும் குறைவு. 40 வயதில் சேர்ந்து 5,000 ரூபாய் வேண்டுமென்றால் மாதம் 1,454 ரூபாய் கட்ட வேண்டும். மழை பெய்தால் வேலை இல்லாத கூலி எதைக் கட்டுவார்?

ஒப்பந்தத் துப்புரவாளருக்கு பி.எஃப். பிடித்தம் உண்டே என்பார்கள். 1995 ஓய்வூதியத் திட்டத்தின் கணக்கு இதுதான்: ஊதியத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். 12,000 ரூபாய் ஊதியத்தில் 12 ஆண்டு என்றால் மாதம் 2,057 ரூபாய். பத்து ஆண்டு நிறையவில்லை என்றால் மாத ஓய்வூதியமே கிடையாது. ஒப்பந்தக்காரர் மாற மாற, நடுவில் வேலை விட்டுப்போக, பிடித்த பணம் கட்டப்படாமல் இருக்க, அந்தப் பத்து ஆண்டு பலருக்கு நிறைவதே இல்லை.

இன்னொரு கணக்கும் உண்டு, அது உயிர்க் கணக்கு. சங்கீதா வியாஸ், பாயல் ஹாத்தி, ஆஷிஷ் குப்தா ஆகியோர் ஒன்பது மாநிலங்களின் தரவுகளை ஆராய்ந்து 2022இல் வெளியிட்ட ஆய்வு, உயர்சாதி இந்துக்களைவிடத் தலித்துகளின் ஆயுள் எதிர்பார்ப்பு மூன்று ஆண்டுக்கு மேல் குறைவு என்கிறது. பழங்குடியினருக்கு நான்கு ஆண்டுக்கு மேல் குறைவு. எல்லோருக்கும் ஒரே வயதில் ஓய்வூதியம் என்பது பார்வைக்குச் சமத்துவம். ஆனால் முன்னதாகவே சாகிறவர் குறைந்த ஆண்டுகள்தான் வாங்குவார். சாதி நம் ஓய்வூதியத்திலிருந்தும் வரி பிடித்துக்கொள்கிறது.

நாம் எங்கே நிற்பது?

அரசு ஊழியருக்குக் கொட்டிக் கொடுப்பதால்தான் ஏழைகளுக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்று ஒரு வாதம் வரும். அது நம்மை நம்மோடு மோதவிடும் வாதம். ஊழியரின் ஓய்வூதியத்தை வெட்டியபோது மிச்சமான பணம் பாட்டியின் 200 ரூபாயை 201 ஆக்கவில்லை. பழைய ஓய்வூதியக் கோரிக்கையை நாம் ஆதரிக்கிறோம். அதே மூச்சில் சங்கங்களிடம் ஒன்று கேட்கிறோம். உங்கள் அலுவலகக் கழிவறையைக் கழுவும் ஒப்பந்தத் தோழரின் பெயர் உங்கள் கோரிக்கைப் பட்டியலில் இருக்கிறதா? 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் கட்டடத்தின் முன் துப்புரவுத் தொழிலாளர்கள் 13 நாள் இரவு பகலாக அமர்ந்திருந்தார்கள். அவர்கள் கேட்ட பணி நிரந்தரத்துக்குள்தான் அவர்களின் ஓய்வூதியமும் இருக்கிறது. அதை அவர்கள் தனியாகக் கேட்க விட்டுவிடலாமா?

'இலவசம் கொடுத்தால் சோம்பேறி ஆவார்கள்' என்பவர்களுக்குத் தென்னாப்பிரிக்கா பதில் வைத்திருக்கிறது. ஓய்வூதியம் எல்லோருக்கும் சமமான பிறகு அங்கே எஸ்தர் டஃப்லோ ஆய்வு செய்தார். பாட்டி ஓய்வூதியம் வாங்கும் வீடுகளில் பேத்திகளின் உயரமும் எடையும் தேறியிருந்தன. கிழவியின் சுருக்குப்பையில் இருக்கும் பணம் எங்கே போகும் என்று நமக்கு ஆய்வு படித்துத்தான் தெரிய வேண்டுமா?

அருணா ராய், பாபா ஆதவ் போன்றோர் முன்னெடுத்த பென்ஷன் பரிஷத், குறைந்தபட்ச ஊதியத்தில் பாதியை அனைவருக்கும் ஓய்வூதியமாகக் கேட்டது. நம் கோரிக்கையும் அதை ஒட்டியே இருக்க வேண்டும். சந்தா கட்டாத, ஆதரவற்றவர் என்று நிரூபிக்கத் தேவையில்லாத, விலைவாசியோடு ஏறும், சட்டப்படி கேட்டு வாங்கக்கூடிய ஓய்வூதியம். நிரந்தரத் தன்மையுள்ள துப்புரவுப் பணிகளுக்கு நிரந்தர வேலை. கடும் உடலுழைப்பு செய்வோருக்கு முன்னதாகவே ஓய்வு வயது.

மாணவத் தோழர்கள் இப்போதே ஒரு வேலையைத் தொடங்கலாம். உங்கள் சேரியில் 60 வயது தாண்டிய ஒவ்வொருவரிடமும் உட்காருங்கள். எத்தனை ஆண்டு, யாருக்கு, என்ன வேலை செய்தார், இன்று மாதம் என்ன வருகிறது என்று எழுதுங்கள். யாருடைய உதவித்தொகை விண்ணப்பம் தள்ளுபடி ஆனது, என்ன காரணம் சொன்னார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ஆலையின் பதிவேட்டில் இல்லாத அந்த உழைப்பு நம் பதிவேட்டிலாவது ஏறட்டும். அடுத்தமுறை 'இவர் தொழிலாளி என்பதற்கு ஆதாரம் எங்கே' என்று ஒரு வல்லுநர் கேட்டால், மேசைமேல் வைக்க நம் கையில் ஏடு இருக்க வேண்டும்.

ஜெய்பீம்.